பதினேழா, பதினாலா?

“பதினேழா? பச்சப் பொய்யி! பதினாலு தடவதான் பூட்டுனேன். எழுதுறவ ஒழுங்கா எழுதுடி!”

நெல்லித்தோப்பில் எங்கள் எதிர்வீட்டு பாக்கியலட்சுமி, மருமகள் பூர்ணிமாவின் நோட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் கொடியில் காயாத துணியை எடுக்க மாடிக்கு வந்திருந்தேன்.

ஞாயிறுதோறும் பூர்ணிமா, பத்திரிகைகளில் கதை எழுதிப் பேர் வாங்கிய ஹேமலதாவிடம் கட்டுரை எழுதக் கற்கப் போகிறாள். முதல் வாரம் ‘என் மாமியார் கொடுமை’ என்று எழுதிக்கொண்டு போனாளாம். “கொடுமைய அடிச்சிடு. என்ன செஞ்சாங்க, எந்தத் தேதி, அத எழுது” என்றாராம் அந்த அம்மா. பூர்ணிமாவின் புருஷன் வெற்றிவேல் சேதராப்பட்டு கம்பெனிக்குக் கிளம்பியதும் பாக்கியலட்சுமி கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வாள். பூர்ணிமா அதைத் தேதிவாரியாக எழுதிவிட்டாள்.

வெற்றிவேல் காபி டம்ளரோடு வெளியே வந்தான். “பூட்டவே இல்லன்னு சொன்ன. இப்ப பதினாலுங்கற?”

பாக்கியலட்சுமி என்னை அண்ணாந்து பார்த்தாள். “ஏ கலைவாணி, நீதான் எந்நேரமும் எட்டிப் பாக்கறியே, சொல்லு!”

“பதினாறு. ஒருநாள் நான் புளி கேட்டு வந்தப்ப கேட்டு தெறந்துதான் கெடந்துச்சு.”

பூர்ணிமா நோட்டை வாங்கிப் பதினேழை அடித்துப் பதினாறு என்று திருத்தினாள். அந்த நேரத்திலும்! திருத்திவிட்டு, “ஏன் அத்த பூட்டுனீங்க? உங்க பக்கத்தயும் கேட்டு எழுதணும்னு ஹேமலதாம்மா சொன்னாங்க” என்றாள்.

“பெரியவன் பொண்டாட்டி கடைக்குப் போறேன்னு போனா. பிரான்சுல போயி இருக்க பேப்பரு வந்துச்சுன்னு அவனையும் இழுத்துக்கிட்டுப் போயிட்டா. ஏழு வருஷம் ஆச்சு. பேரன் போன்ல பேசறது ஒண்ணும் புரியல எனக்கு. நீயும் போயிட்டா?”

அதையும் எழுதிக்கொண்டாள்.

நியாயம் சொல்லுவான் என்று பார்த்தால், வெற்றிவேல் கையை நீட்டிச் சாவியை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். “சண்ட ஓயற வரைக்கும் இது எங்கிட்ட இருக்கட்டும்.”

திங்கட்கிழமை அவன் பூட்டிவிட்டுப் போனான். கம்பிக்கு அந்தப் பக்கம் இப்போது இரண்டு பேர். கீரைக்காரி ஒரு கட்டுக் கீரையை நீட்டினாள். கம்பி இடுக்கில் நுழையவில்லை.

“இதயும் தேதி போட்டு எழுதுடி” என்றாள் பாக்கியலட்சுமி.

ஆறு நாளும் அப்படியே போனது. ஏழாம் நாள் ஞாயிறு, வெற்றிவேல் வீட்டில் இருந்ததால் கேட் திறந்திருந்தது. பூர்ணிமா கொஞ்சம் பெரிய பையாக எடுத்துக்கொண்டு கட்டுரை வகுப்புக்குப் புறப்பட்டாள். மாமியார் பையைப் பார்த்தாள், நானும் பார்த்தேன்.

நோணாங்குப்பத்தில் அம்மா வீட்டுக்குப் போனவள்தான், திரும்பவில்லை. பஸ்ஸில் அலைய முடியவில்லை என்று வெற்றிவேல் ஐப்பசியில் சேதராப்பட்டிலேயே ரூம் எடுத்துப் போய்விட்டான். பாக்கியலட்சுமி எங்கேயும் போகவில்லை.