எட்டாம் வகுப்பு பேசியதெல்லாம்

1.

இந்தக் கதை ஒரு சிரிப்புச் சத்தத்திலிருந்து வந்தது. பொஹோல் தீவில் நான் குடியிருக்கும் வீட்டுக்கு எதிரே உயர்நிலைப் பள்ளி. ஒரு பிற்பகல் எட்டாம் வகுப்பு சிரித்த சிரிப்பில், நான் எழுதிக்கொண்டிருந்த வேறொரு கதை பாதியில் நின்றுபோனது. பள்ளி விட்டதும் அறிவியல் ஆசிரியை மெர்லிண்டாவை மறித்துக் கேட்டேன்.

"அதுவா? என் மானம் கப்பலேறின சத்தம்," என்றார்.

முதலில் இப்படித் தொடங்கிப் பார்த்தேன்: தொழில்நுட்பம் கல்வியின் கதவுகளை அகலத் திறந்து—

வேண்டாம். கதவைப் பற்றி எழுதிக்கொண்டே போனால் க்ளைடல் வெளியிலேயே நிற்பாள்.

2.

எட்டாம் வகுப்பு மாணவி க்ளைடலுக்குச் சின்ன வயதில் மூளைக்காய்ச்சல். உயிர் தப்பியது, காது போய்விட்டது. நன்றாகப் பேசுவாள். மற்றவர் உதடு பார்த்துப் புரிந்துகொள்வாள். ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பினால் பாடம் அறுந்துவிடும்.

"செபுல இந்த மாதிரிப் பிள்ளைங்களுக்குன்னே பள்ளிக்கூடம் இருக்கு, மேம் மெர்லிண்டா. அங்க அனுப்பிடலாமே," என்று தலைமையாசிரியர் அப்போலினார் பார்க்கும்போதெல்லாம் சொல்வார். க்ளைடலின் அம்மா சந்தையில் கருவாடு விற்பவர். கடையை விட்டுவிட்டு மகளோடு கடல் தாண்டிப் போக வழியில்லை. மகளோ, "நான் எங்கயும் போகல," என்று ஒரே பிடியாக நின்றாள். மெர்லிண்டாவும் அவள் பக்கம் நின்றார்.

பேசப் பேச எழுத்தாக்கும் இலவசச் செயலி ஒன்றை இணையத்தில் கண்டுபிடித்து, கைப்பேசியை வகுப்புத் தொலைக்காட்சியோடு இணைத்தார். செயலிக்கு ஆங்கிலம் தெரியும், தகாலோக் தெரியும். இந்தத் தீவுக்காரர்கள் பேசும் பிசாயா மட்டும் தெரியாது. "அலையாத்தி மரத்தோட வேர் மூச்சு விடும்," என்றார் மெர்லிண்டா. திரையில் வந்தது: மேயர் மாமியார் கப்பல் விடுவார்.

(தமிழுக்காக மாற்றியிருக்கிறேன். உண்மையில் வந்ததை அச்சேற்ற முடியாது. மேயருக்கு நிஜமாகவே மாமியார் இருக்கிறார்.)

அதுதான் நான் கேட்ட சிரிப்பு. அந்த அமளியிலும் மெர்லிண்டா ஒன்றைக் கவனித்தார். க்ளைடல் எப்போதும் மற்றவர் முகம் பார்த்து, கொஞ்சம் பிந்தி, காரணம் தெரியாமல் சிரிப்பவள். அன்று எல்லோரோடும் சேர்ந்தே சிரித்தாள்.

3.

மறுநாள் செயலிக்குப் புரியட்டும் என்று மெர்லிண்டா, இங்கே தொலைக்காட்சிச் செய்தியில் மட்டும் கேட்கும் தகாலோக்கில் பாடம் நடத்தினார்.

"மேம், செய்தி முடிஞ்சதும் வானிலை வருமா?" என்றான் ஜுன்ரே.

செயலியை மூடினார். ஆனால் விடவில்லை. பலரும் ஒரே நேரத்தில் எழுதக்கூடிய ஓர் இலவசப் பக்கத்தை இணையத்தில் திறந்து திரையில் போட்டார். தான் பேசுவதை மாணவர்கள் முறைவைத்துக் கைப்பேசியில் தட்டச்சு செய்ய வேண்டும் என்றார். முதல் முறை ஹனிலெட்டுக்கு. வகுப்பிலேயே வேகமான விரல்கள் அவளுடையவை. பாடம் பிசகாமல் திரையில் ஏறியது. நடுவே இதுவும் ஏறியது: பின்வரிசையில் யாரோ காற்று விட்டார்கள். ஜுன்ரே என்று நினைக்கிறோம்.

"ஹாலா! நான் இல்ல!" என்று எழுந்தான் ஜுன்ரே. நான் இல்ல என்கிறான் ஜுன்ரே என்று அதையும் அடித்தாள் ஹனிலெட்.

"பாடத்தை மட்டும் அடி, ஹனிலெட்!"

திரையில் அதைப் படித்த க்ளைடல் எழுந்தாள். "வேணாம் மேம். பாடம் புத்தகத்துல இருக்கு. இதுங்க பேசுறதுதான் எந்தப் புத்தகத்துலயும் இல்ல."

மெர்லிண்டா வகுப்புப் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார்: "சரி. எல்லாத்தையும் அடிங்க. யார் பேசினாலும்."

4.

இங்கே எனக்கொரு சிக்கல். அப்போலினாரை முதல் வரைவில் முரட்டு மீசையோடு எழுதியிருந்தேன். மெர்லிண்டாவிடம் படித்துக் காட்டினேன்.

"அவருக்கு மீசையே கிடையாது. அந்த டிவியே அவர் ஊரெல்லாம் அலைஞ்சு வாங்கிக் கொடுத்ததுதான். பரீட்சையில பள்ளிக்கூடம் விழுந்திடுமோன்னு பயப்படுறாரு, அவ்வளவுதான். அவரை வில்லனாக்கினா உங்ககூட பேச மாட்டேன்."

மீசையை எடுத்துவிட்டேன். பயத்தை வைத்துக்கொண்டேன்.

5.

ஒருநாள் அப்போலினார் வகுப்பைப் பார்வையிட வந்தார். பிள்ளைகள் கையில் கைப்பேசி. பள்ளியில் அது கூடாது. மெர்லிண்டாவின் அருகில் போய்த் தணிந்த குரலில், "ஒரு பொண்ணுக்காக வகுப்பே பின்தங்குது," என்றார். தணிந்த குரல்தான். ஆனால் முன்வரிசையில் ஹனிலெட் இருந்தாள். யார் பேசினாலும் என்பதுதானே விதி.

திரையில் வாக்கியம் ஏறியது. க்ளைடல் படித்தாள். எல்லோரும் அவளையே பார்த்தார்கள்.

"யார் சார் பின்தங்கினது? பேரு சொல்லுங்க, நானே சொல்லித் தர்றேன்," என்றாள்.

அப்போலினாரின் கழுத்து சிவந்தது. "திரையை அணைங்க, மேம்."

"அணைக்க மாட்டேன் சார்," என்றார் மெர்லிண்டா. "பருவத் தேர்வு வரைக்கும் விடுங்க. வகுப்பு இறங்கினா நானே அணைச்சிடுறேன்."

அப்போலினார் திரையைப் பார்த்தார். மெர்லிண்டா சொன்னதும் அங்கே வந்துவிட்டிருந்தது, ஒரு சொல் பிசகாமல். "தேர்வு வரைக்கும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

6.

முடிவுகள் சில எழுதிப் பார்த்தேன். வகுப்பு முதலிடம் பெற்று, அப்போலினார் கண்கலங்கி— அழித்தாயிற்று. வகுப்பு இறங்கி, க்ளைடல் கப்பலேறி— எழுதக் கை வரவில்லை. தேர்வு இன்னும் நடக்கவேயில்லை. நடக்காததை எழுதி அவளை முந்திக்கொள்ள நான் யார்?

நடந்ததைச் சொல்கிறேன். நேற்று க்ளைடல், "எனக்கு ஏன் முறையே வரல?" என்று சண்டை பிடித்தாள்.

"உனக்குத்தான் கேக்காதே?" என்றான் ஜுன்ரே.

"கண்ணு இருக்குல்ல? நீங்க கேக்குறதை அடிக்கிறீங்க. நான் பாக்குறதை அடிக்கிறேன்."

மெர்லிண்டா கைப்பேசியை அவளிடம் கொடுத்தார். வகுப்பு திரையையே பார்த்தது. அவள் அடித்தாள்:

ஹனிலெட் தூங்குகிறாள். மேம் சாக்பீஸ் தூளைக் கன்னத்தில் தடவிக்கொண்டிருக்கிறார். பின்ஜன்னலுக்கு வெளியே தலைமையாசிரியர் நின்று திரையைப் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் வாய் திறந்திருக்கிறது. சிரிக்கிறாரா, கொட்டாவி விடுகிறாரா, தெரியவில்லை.

வகுப்பு திரும்புவதற்குள் ஜன்னலில் ஆள் இல்லை. பக்கம் இன்னும் திறந்துதான் இருக்கிறது. அடுத்த முறை உங்களுடையது.