கேட்ட மாதிரி இருக்கே

"எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கே சார்" என்று முதலில் வாயைத் திறந்தவள் பேட்ரிசியா. பாடகர் குழுவில் பெரிய குரல் அவளுடையது. அவள் சொன்னதோடு நின்றிருந்தால், புதுப் பாட்டைக் கட்டி ஆர்மோனியத்தில் வாசித்துக் காட்டிய பிலோமின்ராஜ் அதைக் காதில் போட்டுக்கொண்டிருக்க மாட்டார். தபேலாக்காரன் பாக்கியநாதனும் தலையை ஆட்டினான். "ஆமா சார், எனக்கும் அப்படித்தான் தோணுச்சு." போதாக்குறைக்கு, தூணருகே நின்று முழுப் பாட்டையும் கேட்டுக்கொண்டிருந்த பங்குச் சாமியார் அற்புதசாமி தாடியைத் தடவியபடி முன்னே வந்தார். "கேட்ட மாதிரிதான் இருக்கு. ஆனா எங்கேன்னு பிடிபடல" என்றார்.

போச்சு! மாட்டிக்கொண்டார் மனுஷர்.

பாலக்கரைப் பக்கத்து மோனிக்கம்மாள் கோயிலில் சினிமா மெட்டுக்கு இடமில்லை என்று சட்டம் போட வைத்ததே இந்தப் பிலோமின்ராஜ்தான். போன கிறிஸ்துமஸுக்கு வெளியூர் கிடார்காரன் ஒருவன் காதல் பாட்டு மெட்டில் குழந்தை இயேசுவைத் தாலாட்ட, கடைசி வரிசைப் பையன்கள் விசிலடித்துவிட்டார்கள். மறுநாளே சாமியார் அறைக்குப் போய் மேசையைத் தட்டிக் கத்தினார் இவர். "மெட்டுத் திருடறவனும் உண்டியல் உடைக்கிறவனும் ஒண்ணுதான் சாமி!" அந்த வசனம் பங்கு முழுக்கப் பிரபலம். இப்போது அதே வாய் உலர்ந்துபோய் நின்றது.

"திருவிழாவுக்கு நாள் இருக்கு" என்றார் சாமியார். "இதை எங்க கேட்டோம்னு கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அது வரைக்கும் பழைய காணிக்கைப் பாட்டே இருக்கட்டும்."

திருடவில்லை என்று பிலோமின்ராஜுக்கு நிச்சயமாகத் தெரியும். ஆனால் அந்த மெட்டு வந்த விதம்தான் இப்போது அவரைப் பயமுறுத்தியது. மற்ற மெட்டுகளுக்கு ஆர்மோனியத்தோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டுவார். இது, ஆணியில் மாட்டியிருந்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்ட மாதிரி, கைவைத்த உடனே வந்துவிட்டது. "ஏந்தி வந்த கைகள், இறைவா உந்தன் கைகள்" என்று சொற்களும் தானாக வந்து உட்கார்ந்தன. பூசை லத்தீனிலிருந்து தமிழுக்கு மாறிய நாளிலிருந்து அவர் பாட்டுக் கட்டுகிறார். என்ன பிரயோஜனம்? பாடகர் குழு பாடும். ஜனங்கள் கச்சேரிக்கு வந்தவர்கள்போலப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒருத்தர் வாய் அசையாது. இந்த ஒரு பாட்டைத்தான் கோயிலே சேர்ந்து பாடும் என்று நம்பியிருந்தார். அதுவும் திருட்டுச் சரக்கா?

வீட்டில் சகாயம்மாள் சோற்றைப் போட்டுவிட்டு முகத்தைப் பார்த்தாள். "என்னங்க, சாப்பாடு இறங்கல? என்ன பாட்டு அது, எல்லாரும் பேசிக்கிறாங்க?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது, விடு."

"சொன்னாத்தானே தெரியும்."

சொல்ல மாட்டார். கோயிலில் அரங்கேறுகிற வரைக்கும் ஒரு மெட்டை வீட்டில் முனகக்கூட மாட்டார், கண் பட்டுவிடுமாம். சகாயம்மாள் கோயிலுக்குப் பின்னால் இருக்கும் பாலர் பள்ளி டீச்சர். இவருக்கு அவள் உத்தியோகம் மூக்கு துடைத்துவிடுவது, அவ்வளவுதான். அவளிடம் போய் ராகம் பேசுவாரா?

மறுநாளே துப்புத் துலக்கக் கிளம்பிவிட்டார். முதலில் செபஸ்தியானின் சவுண்ட் சர்வீஸ் கடை. கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் குழாய் கட்டிப் பாட்டுப் போடுகிறவன். சுவர் முழுக்க இசைத்தட்டு. பிலோமின்ராஜ் குரலைத் தாழ்த்திப் பாடிக் காட்டினார். செபஸ்தியான் கண்ணை மூடிக் கேட்டான், தட்டுகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான், கடைசியில் உதட்டைப் பிதுக்கினான்.

"என்கிட்ட இல்லாத பாட்டு திருச்சியிலேயே கிடையாது. இது என்கிட்ட இல்ல. ஆனா அண்ணே, கேட்டிருக்கேன். என் பொண்டாட்டி புள்ள மேல சத்தியமா கேட்டிருக்கேன்."

இது என்ன வேதனை! இல்லை என்கிறான், கேட்டேன் என்கிறான்.

ஆபீசில் அடுத்த மேசை வரதுவுக்கு. ஸ்ரீரங்கத்துக்காரர், சங்கீதத்தில் புலி. சாப்பாட்டு வேளையில் பாடச்சொல்லிக் கேட்டு, டிபன் டப்பா மூடியில் தாளம் போட்டார். "பேஷா இருக்கு ஓய். ஆனந்தபைரவி வாசனை அடிக்கறது. ஆனா நான் கேட்டதில்லை. சினிமான்னா என் ஆத்துக்காரிதான் அத்தாரிட்டி. ரேடியோவை அணைக்கவே விடமாட்டாள். சாயங்காலம் வாரும்."

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஒன்றாம் நம்பர் பிடித்து இருவரும் ஸ்ரீரங்கம் போனார்கள். வரதுவின் மனைவி வைதேஹி காபி கொடுத்துவிட்டு, பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி முன்னால் உட்கார்ந்தாள். "பாடுங்கோ."

பாடினார்.

"சினிமா இல்லை" என்றாள் உடனே. "என் காதுக்குத் தப்பின சினிமாப் பாட்டு இன்னும் பிறக்கலை. பெருமாள் சந்நிதியிலயும் கேட்டதில்லை. நேக்கு இது புதுசு சார்." கொஞ்சம் யோசித்து, "ஒண்ணு சொல்லட்டுமா? இதுல உசரமும் இல்லை, பள்ளமும் இல்லை. நீளமா மூச்சுப் பிடிக்கற இடமே இல்லை. சின்ன வாய்க்குன்னு அளவெடுத்துத் தைச்சாப்ல இருக்கு" என்றாள்.

திரும்பும்போது பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பிலோமின்ராஜுக்குச் சட்டென்று ஒன்று உறைத்தது. வரது கேட்டதில்லை, வைதேஹி கேட்டதில்லை. ரேடியோவில் வந்திருந்தால் ஆற்றுக்கு அந்தக் கரையிலும் கேட்டிருக்குமே! கேட்டவர்கள் யார்? பேட்ரிசியா, பாக்கியநாதன், செபஸ்தியான், சாமியார். எல்லாம் எங்கள் பங்குக் கோயில் ஆட்கள். அப்படியென்றால் இந்த மெட்டு எங்கள் தெருவிலேயேதான் எங்கேயோ குடியிருக்கிறது. மனுஷருக்குப் பயம் போய் ஆசை வந்துவிட்டது. யாரடா அது, என் மெட்டை எனக்கு முன்னால் பாடுகிறவன்?

அடுத்த நாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுத் தெருத் தெருவாகக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தார். ஐஸ்காரன் மணி, சாணை பிடிக்கிறவன் கூவல், தச்சுப்பட்டறை இழைப்புளி, எதையும் விடவில்லை. ஒன்றும் தேறவில்லை. வெயில் தாங்காமல் கோயில் வேப்பமர நிழலில் ஒதுங்கினார். வேலை நாளில் உச்சிவேளைக்கு அவர் அங்கே நின்றதே இல்லை.

அப்போது பாலர் பள்ளியில் மணி அடித்தது. தண்ணீர்க் குழாயருகே வாண்டுகள் வரிசை கட்டின. சேர்ந்து கத்தின.

"கையைக் கழுவு கண்ணு! தேச்சுக் கழுவு நின்னு! சோறு வருது, சோறு வருது, சுத்தமாகத் தின்னு!"

கத்திக்கொண்டே உள்ளங்கை இரண்டையும் பரபரவென்று தேய்த்தன. பாட்டு குதிரை ஓட்டத்தில் போனது. பிலோமின்ராஜ் அதை மனசுக்குள் மெதுவாக்கிப் பார்த்தார். அடக் கடவுளே! "ஏந்தி வந்த கைகள்."

வரிசைக் கடைசியில் வாளியும் குவளையுமாகச் சகாயம்மாள் நின்றிருந்தாள். இவரைக் கண்டதும் பதறிப்போனாள். "என்னங்க, இந்த நேரத்துல? உடம்பு சரியில்லையா?"

"இந்த மெட்டு ஏது உனக்கு?"

"எந்த மெட்டு?"

"இப்பப் பாடினாங்களே!"

அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "நல்லா இருக்கே! நீங்க போட்டதுதானே?"

"நானா?"

"கல்யாணமான புதுசுல. அப்ப இருந்த பெரிய சாமியாருக்குப் பாடிக் காட்டினீங்க, நானும் பக்கத்துல நின்னேன். 'இது பூசைப் பாட்டா, தொட்டில் பாட்டா'ன்னு கேட்டுட்டார். அங்கேயே ஆர்மோனியப் பெட்டிய மூடினீங்க பாருங்க, ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல. அப்புறம் அந்தப் பாட்டை வாய்ல எடுக்கவே இல்ல." வாளியைக் கீழே வைத்தாள். "எனக்கு மனசு கேக்கல. அவ்வளவு நல்ல மெட்டு, அநாதையாக் கிடக்குதேன்னு இருந்துச்சு. இங்க வேலைக்குச் சேர்ந்ததும் கைகழுவப் போட்டுட்டேன். அப்பலேருந்து எல்லாப் பிள்ளைங்களும் இதைப் பாடித்தான் சோறு திங்குது. வீட்டுக்குப் போயும் பாடுதுங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன். நீங்க ஒரு நாளாவது இந்தப் பக்கம் எட்டிப் பார்த்தாத்தானே?"

பிலோமின்ராஜுக்கு அந்தப் பெரிய சாமியாரின் சிரிப்பு ஞாபகம் வந்தது, பெட்டியை மூடிய சத்தம் ஞாபகம் வந்தது. மெட்டு மட்டும் ஞாபகமே இல்லை. கோபத்தில் அவ்வளவு துப்புரவாக அதைத் துடைத்து எறிந்திருக்கிறார். அவர் எறிந்ததை இவள் பொறுக்கி, ஊருக்கெல்லாம் ஊட்டி வளர்த்திருக்கிறாள். வெட்கமாகவும் இருந்தது, அவளைக் கையெடுத்துக் கும்பிடலாம்போலவும் இருந்தது. பிள்ளைகள் எல்லாம் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்ததால் ஒன்றும் செய்யாமல் மூக்கைச் சிந்தினார்.

சாமியாரிடம் எதையும் மறைக்கவில்லை. "மெட்டு என்னோடதுதான் சாமி. ஆனா காப்பாத்தினது என் சம்சாரம். கைகழுவுற பாட்டா இருக்கு. அதையும் சொல்லிடறேன்."

அற்புதசாமி வயிறு குலுங்கச் சிரித்தார். "அதான் பாத்தேன், தினம் மத்தியானம் என் ஜன்னல்ல கேக்குது! சரி, திருட்டு இல்லைன்னு ஆச்சு. ஆனா பூசை நடுவுல ஜனங்க சிரிச்சுட்டா?"

"சிரிச்சா, இனிமே நான் பாட்டே கட்டல சாமி."

ரோஷக்காரர், வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டார். சொல்லிவிட்டுத் திருவிழா வரைக்கும் தூக்கமில்லாமல் அவதிப்பட்டதும் அவர்தான்.

திருவிழா அன்று கோயில் நிரம்பி வாசல் வரைக்கும் ஆட்கள். அப்பமும் ரசமும் பீடத்துக்கு ஏந்தி வரும் காணிக்கை நேரம் வந்தது. பிலோமின்ராஜ் ஆர்மோனியத்தில் கைவைத்தார். பேட்ரிசியா முதல் அடியை எடுத்தாள். இரண்டாம் தரம் அதே அடி வரும்போது, முன்னால் தரையில் உட்கார்ந்திருந்த வாண்டுக் கூட்டத்திலிருந்து ஒரு முணுமுணுப்புக் கிளம்பியது. அப்புறம் பெண்கள் பக்கம். அப்புறம் ஆண்கள் பக்கம், செபஸ்தியானின் கட்டைக் குரல் உட்பட. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொற்கள் தெரியாதவர்கள்கூட மெட்டை விடவில்லை. மூன்றாம் அடிக்குக் கோயிலே பாடியது. பாடகர் குழுவின் குரல் எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

பீடத்தின் ஓரத்தில் பீடச் சிறுவர்கள் கிண்ணமும் தண்ணீருமாக வந்தார்கள். பூசை முறைப்படி சாமியார் கையை நீட்டினார். தண்ணீர் விழுந்தது. அவ்வளவுதான், முன்வரிசை வாண்டுகள் அத்தனையும் எழுந்து உள்ளங்கையைப் பரபரவென்று தேய்க்க ஆரம்பித்தன! தாய்மார்கள் இழுத்து உட்காரவைக்கப் பார்த்தார்கள். சிரிப்பு வரத்தான் செய்தது, வராமல் இருக்குமா? ஆனால் சிரித்தவர்கள் பாட்டை நிறுத்தவில்லை. அற்புதசாமி பிள்ளைகளைப் பார்த்தார், வழக்கத்தைவிடக் கொஞ்ச நேரம் கூடுதலாகவே கையைத் தேய்த்துக் கழுவினார்.

ஆர்மோனியத்தின் கட்டைகள் பிலோமின்ராஜுக்குக் கலங்கித் தெரிந்தன. நல்லவேளை, இந்த மெட்டுக்குக் கண் தேவைப்படவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம், சகாயம்மாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவர் ஆர்மோனியத்தை வீட்டுக்கே தூக்கி வந்து அவள் எதிரே வைத்தார்.

"புதுசா ஒண்ணு வந்திருக்கு. கேளேன்."

அவள் முறத்தை நகர்த்திவிட்டு உட்கார்ந்து கேட்டாள். முடிந்ததும் கேட்டார்: "எங்கேயாவது கேட்ட மாதிரி இருக்கா?"

"இல்லீங்க, புதுசுதான்." கொஞ்சம் தயங்கினாள். "ஆனா ரெண்டாவது அடி ரொம்ப மேல போகுது. பிள்ளைங்களுக்கு எட்டாது."

பழைய பிலோமின்ராஜாக இருந்தால் அந்த நிமிஷமே பெட்டியை மூடியிருப்பார். இவர் துருத்தியை மறுபடி அழுத்தினார்.

"அப்ப அந்த இடத்தை நீ பாடு, சகாயம். நான் வாசிக்கிறேன்."