தாளில் விழுந்த சுழி

சுகன்யாவுக்கு வந்த ஆத்திரத்தில் சூட்டுத் தட்டே வேண்டியதில்லை, உள்ளங்கையில் வைத்தே அந்த ரப்பர் தாளைச் சூடேற்றியிருக்கலாம். தாள் சுருங்க வேண்டும்; சுருங்கி, அடியில் கட்டித் தொங்கும் எடையைத் தூக்க வேண்டும். திங்கட்கிழமை அது நடக்காவிட்டால் ஆராய்ச்சித் தலைப்பையே மூட்டை கட்டச் சொல்லிவிட்டார் பேராசிரியர் ஆதிமூலம். நாலு வருஷ உழைப்பு! இந்தத் தாளோ நடுவில் கூம்பாக எழும்பி நின்று வேடிக்கை காட்டியது.

திரவப் படிக ரப்பர் லேசுப்பட்ட சரக்கா? உள்ளிருக்கும் மூலக்கூறுகள் வாரிவிட்ட தலைமுடிபோல ஒரே பக்கம் படிந்திருக்க வேண்டும். சூடு பட்டால் அந்தப் பக்கமாகச் சுருங்கும். அப்படிப் படியத்தான், ரப்பரை ஊற்றி வார்க்கிற கண்ணாடிகளை முன்கூட்டியே வெல்வெட் துணியால் ஒரே திசையில் தேய்ப்பது. ஆய்வகம் விடுமுறை என்று திருக்கனூர் வீட்டிலேயே உட்கார்ந்து தேய்த்து, மறுநாள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனவள் அவள்.

தாளின் விளிம்புகளைப் பிடித்து இழுத்தாள். கூம்பு மறைந்தது. விட்டாள், எழும்பியது. இன்னும் பலமாக இழுத்து விட்டாள், அப்போதும் எழும்பியது. நுண்ணோக்கியில் பார்த்தால் நட்டநடுவில் ஒரு சுழி, அதைச் சுற்றி எல்லாம் வட்ட வட்டமாகப் படிந்து கிடக்கிறது. எண்ணெய் வைத்து அழுத்தி வாரினாலும் சிலிர்த்துக்கொள்ளும் உச்சந்தலைச் சுழியேதான். வட்டம் சுருங்கினால் சுற்றளவு குறைகிறது; நடுவிலிருந்து விளிம்புவரை உள்ள நீளம் குறைவதில்லை. தட்டையாகப் படுக்க வழியில்லாமல் தாள் எழுந்துவிடுகிறது.

சரி, வட்டம் எங்கிருந்து வந்தது? வீட்டுக்குப் போனதும் கேட்டுவிட்டாள்.

"என் கண்ணாடிய யாரு தொட்டது?"

"நாந்தான்," என்றான் அவள் புருஷன் ஜெயசீலன். "தூசியா கெடந்துது. பக்கத்துல இருந்த துணியால தொடச்சி வச்சேன். இன்னா இப்போ?"

கடைவீதியில் செல்போன் கடை வைத்திருப்பவன். நாளெல்லாம் போன் திரைகளைத் துடைத்து மேலே கண்ணாடி ஒட்டுகிற கை.

"எப்படித் தொடச்சீங்க?"

அவன் காற்றில் கையை வட்டமாகச் சுற்றிக் காட்டினான்.

"அய்யோ, என் தலையெழுத்தே! உபகாரம் பண்ணலன்னாலும் உபத்திரவம் பண்ணாம இருக்கக் கூடாதா? இனிமே என் சாமான் மேல கைய வச்சீங்க, அவ்ளோதான்!"

"தொடச்சதுக்கு இந்தப் பேச்சா? சரி தாயே, தொடல," என்று சாப்பிடாமலே கடைக்குப் போய்விட்டான்.

திங்கட்கிழமை வேறு தாள் இல்லை. பேராசிரியர் முன்னால் எடையைத் தொங்கவிட்டாள், அது அசையக்கூட இல்லை. போய்த் தொலை என்று தாளைச் சூட்டுத் தட்டின்மேல் போட்டு, எடையை அதன் தலையிலேயே வைத்தாள். கூம்பு மெல்ல எழுந்து எடையைத் தூக்கிவிட்டது.

ஆதிமூலம் குனிந்து பார்த்தார். "இது நல்லாருக்கேம்மா! ஆனா ஒரு தடவை வந்தா தற்செயல். வெள்ளிக்கிழமைக்குள்ள இன்னொண்ணு பண்ணிக் காட்டு. தலைப்பு உனக்குத்தான்."

மிச்சமிருந்த மூலப்பொருள் ஒரே ஒரு தாளுக்குத்தான் காணும். பழைய கண்ணாடியில் வட்டமாகத் தேய்த்துப் பழகினாள். நாலு வருஷம் நேராகவே தேய்த்த கை. வட்டம் முட்டையாகக் கோணிக்கொண்டு போனது. சனியன்! வேறு வழியில்லாமல் புதுக் கண்ணாடியையும் வெல்வெட் துணியையும் ஒரு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு புருஷன் கடைக்குப் போனாள்.

ஜெயசீலன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். "தொடக் கூடாதுன்னு ஆர்டரு."

"வெளையாடாதீங்க. அன்னிக்குத் தொடச்ச மாதிரியே தொடைங்க."

"எந்த மாதிரி?"

"அதான், அந்த மாதிரி!"

துணியை எடுத்தவன் அப்படியே நின்றான். "நெஜமாவே ஞாபகம் இல்ல சுகன்யா. யோசிக்காம தொடச்சது. நீ இப்படி மொறச்சிக்கினு நின்னா கை ஓடமாட்டேங்குது."

அவளுக்கு வசவு வாய்வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தெருப்பக்கம் திரும்பி நின்றாள். பின்னால் துணி கண்ணாடியில் உரசும் சத்தம் கேட்டது. அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.