மாடி மாத்திரை, கீழ்வீட்டு மாத்திரை

என் அண்ணன்கள் இருவருக்கும் அப்பா மேல் பாசமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒருவனை ஒருவன் மட்டம் தட்டும் அளவுக்குப் பாசம் இருந்தது.

பெரியண்ணன் மாடியில், சின்னண்ணன் கீழே. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அப்பாவுக்குக் காலைச் சாப்பாடு மாடியில், இரவுச் சாப்பாடு கீழே. நெஞ்சுப் படபடப்புக்காரர் சாப்பிடுவதற்கென்று தினமும் படியேறினார்.

படபடப்பு வந்ததும் பெரியண்ணன் தன் டாக்டரிடம் கூட்டிப்போனான். சின்னண்ணனுக்குப் பொறுக்குமா? அடுத்த வாரமே வேறொரு டாக்டரைப் பிடித்தான். "வேற மாத்திரை ஏதாவது சாப்பிடுறாரா?" என்று அவர் கேட்டபோது அப்பா வாயைத் திறந்தாராம். சின்னண்ணன் முந்திக்கொண்டானாம்.

"அப்பா, சும்மா இருங்க. இல்ல டாக்டர், வேற எதுவும் இல்ல."

பெரியண்ணனின் டாக்டரும் பிறகு அதையே கேட்டிருக்கிறார். "இல்லைன்னு சொன்னேன். அவன் குடுக்கறதெல்லாம் மருந்தா?" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

அப்பா நாளுக்கு நாள் தளர்ந்தார். மாடிக்காரன் கீழ்வீட்டைக் குறை சொன்னான், கீழ்வீட்டுக்காரன் மாடியை. ஆளாளுக்குத் தன் மாத்திரையை விடாப்பிடியாகக் கொடுத்து, விழுங்கிவிட்டாரா என்று நாக்கைத் தூக்கிப் பார்த்தார்கள்.

ஊரிலிருந்து வந்த நான் அப்பாவின் கையைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் நடுவே ஒன்று, இரண்டு என்று எண்ண முடிந்தது. இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொண்டு பெரியண்ணனின் டாக்டரிடம் ஓடினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"ரெண்டும் துடிப்பக் குறைக்கிற மாத்திரைம்மா. ஒண்ணாச் சேர்ந்தா துடிப்பு நின்னே போயிடும். இனிமே ஒண்ணுகூடக் குடுக்காதீங்க. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

வீட்டுக்கு வந்து இருவரையும் படிக்கட்டில் நிறுத்திச் சொன்னேன்.

"அவனோடத நிறுத்தச் சொல்லு," என்றான் பெரியண்ணன்.

"சொன்னது யாரு, அவனோட டாக்டர்தானே? வேற எப்படிச் சொல்லுவாரு?" என்றான் சின்னண்ணன்.

"உங்க வீம்புல அப்பா செத்துப்போவாருடா" என்று கத்தினேன். அப்பா நாற்காலியிலிருந்து கையசைத்தார். "நான் ரெண்டையும் போட்டுக்கறேம்மா. சண்ட வேணாம்."

அட்டைகளை என் பையில் திணித்துக்கொண்டு வண்டி பிடிக்கப் போனேன். அந்த வீட்டில் அட்டைக்குப் பஞ்சமில்லை என்பது எனக்குத் தெரியவில்லை. நான் தெருமுனை தாண்டுவதற்குள் சின்னண்ணன் தன்னுடையதைக் கொடுத்திருக்கிறான். அதைப் பார்த்துவிட்டுப் பெரியண்ணன் மாடிக்கு ஓடித் தன்னுடையதைக் கொண்டுவந்திருக்கிறான். நான் வண்டியோடு வந்தபோது அப்பா காலித் தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி, இரண்டு பிள்ளைகளையும் திருப்திப்படுத்திய முகத்தோடு உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டார்.

வெளியே வந்த டாக்டர் தலையைக் குனிந்துகொண்டே சொன்னார். "ரெண்டுமே நல்ல மருந்துதான். எது ஒண்ண மட்டும் குடுத்திருந்தாலும் நல்லா இருந்திருப்பார்."

பெரியண்ணன் நிமிர்ந்து தம்பியைப் பார்த்தான். "கேட்டியா? என் மாத்திரைல தப்பில்ல."

"நானும் அதத்தான சொல்றேன். என்னோடதுலயும் இல்ல," என்றான் சின்னண்ணன்.

இத்தனை வருடத்தில் அவர்கள் நேருக்கு நேர் பேசிக்கொண்டது அதுதான். பிறகு இருவரும் சேர்ந்தே உள்ளே போய், ஆளுக்கொரு பக்கமாக அப்பாவைத் தூக்கினார்கள்.