மைப்பொட்டுக்கு அடியில்

நான் பேசுவது என் மனைவி சியாமளாவுக்குக் கேட்கிறதா என்று பார்க்கத்தான் அந்தத் தொப்பி. அவள் நல்லபடியாக நடமாடிய காலத்திலேயே அதற்குப் பதில் தெரியாமல் குடும்பம் நடத்தியவன் நான்.

தை மாதம், புதுப்பட்டினம் மார்க்கெட்டுக்குப் போனவளின் ஸ்கூட்டியை ஒரு லாரி இடித்துவிட்டுப் போனது. அதிலிருந்து செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுக்கை. கண் திறந்திருக்கும்; எதையும் பார்க்காது.

ஆராய்ச்சி செய்யும் ஷாரோன் மேடம் தொப்பியை மாட்டிவிட்டார். அதில் பொத்தான் பொத்தானாக விளக்குகள். கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் மண்டையோட்டைத் தாண்டிப் போய், மூளையில் ரத்தம் எங்கே கூடுகிறது என்று சொல்லுமாம்.

"பழகின குரலைக் கேட்டா சிலருக்குக் கூடும்ணா. வீட்ல பேசற மாதிரி பேசுங்க."

"வூட்ல அவ எங்க மேடம் என்ன பேச வுட்டா?"

மேடம் சிரித்தார். கட்டிலில் சிரிப்பு இல்லை.

எங்கள் பழைய ஜோக்கை எடுத்தேன். கல்யாணமான புதிதில் மாமல்லபுரம் போனோம். வெண்ணெய் உருண்டைப் பாறையை நான் கையால் தாங்குவது போல நிற்க, அவள் போட்டோ எடுக்க வேண்டும். "எடுத்துட்டியா சியாமா? கை வலிக்குது" என்றேன். அவள் வேண்டுமென்றே போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் புடிச்சிகினு இருய்யா" என்றாள். அன்று முதல் கேஸ் சிலிண்டர் தூக்கினாலும் அதே கேள்வி, அதே பதில்.

பக்கத்திலிருந்த திரையில் தொப்பியின் கோடுகள் ஓட, நெற்றிக்கான கோடு மட்டும் செத்துக் கிடந்தது. மேடம் தொப்பியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே பெரிய மைப்பொட்டு. திருஷ்டிக்காக, கால்மாட்டில் நிற்கும் என் மாமியார் சின்னப்பொண்ணு தினமும் வைப்பது.

"கறுப்பு மை வெளிச்சத்த உள்ள விடாதுண்ணா."

மாமியார் மேல் அவ்வளவு அன்பு எனக்கு என்றுமே வந்ததில்லை. பதில் வராததற்கு மாமியாரே காரணம்! எந்த மருமகனுக்குக் கிடைக்கும் இந்த அதிர்ஷ்டம்?

"அய்யோ, நானே எம்பொண்ணு வாய அடச்சிட்டனா?" என்று முந்தானையை நனைத்து அழுந்தத் துடைத்தார் மாமியார்.

மேடம் தொப்பியை மறுபடி அழுத்தியதும் கோடு துள்ளியது. "ஆடுது மேடம்! ஆடுது!" என்று கத்திவிட்டேன்.

மேடம் என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது நாடித்துடிப்புண்ணா. வெளிச்சம் சரியா உள்ள போவுதுன்னு அர்த்தம். நீங்க பேசும்போது கோடு மெல்ல மேல ஏறணும்."

பேசினேன். நிறுத்தினேன். பேசினேன். அவள் இதயம் திரையில் துடித்துக்கொண்டே இருந்தது. கோடு ஏறவில்லை.

"மெஷினுக்குத் தெரியலன்னா, கேக்கவே இல்லன்னு ஆகாதுண்ணா." நல்ல பெண். நான் ஓட்டும் வேன் லேட்டானால் சவாரிகளிடம் 'இதோ வந்துட்டேன்' என்று நானும் இதே குரலில்தான் சொல்வேன்.

மேடம் தொப்பியை எடுத்துக்கொண்டு போன பிறகு மாமியார் கேட்டார்: "இன்னா மாப்ள, பொட்டுதான் அழிச்சாச்சே. இப்ப கேக்குதாமா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

அவர் பையிலிருந்து மை டப்பாவை எடுத்து, அதே இடத்தில், முன்னைவிடப் பெரிதாக ஒரு பொட்டு வைத்தார். "கண்ணாவது படாம கெடக்கட்டும்" என்று முனகிவிட்டு டீ வாங்கப் போனார்.

ஸ்டூலைக் கட்டில் பக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சியாமா, எடுத்துட்டியா? கை வலிக்குதுடி."

வழக்கம்போல அவள் அவசரப்படவில்லை.