அசைந்தால் பூக்கும் சுவர்

தேர்வாளர் அந்தச் சுவரின் முன்னால் எவ்வளவு நேரம் நின்றார் என்பதில் எனக்கு இன்றுவரை சந்தேகம்தான். நத்தையைக் கேட்டால் நான்கு நிமிடம் என்பாள். ரேடியோவைக் கேட்டால் பதினொன்று என்பான். அடுத்த முறை கேட்டால் அது கால் மணி நேரமாக வளர்ந்திருக்கும். இருவர் வாயிலும் கேட்டதைத்தான் சொல்கிறேன், ஒன்றிரண்டு இடம் முன்பின்னாக இருக்கலாம்.

நத்தை என்பது வகுப்பு வைத்த பெயர். கேள்வி கேட்டால் அவளிடமிருந்து பதில் வந்து சேர்வதற்குள் அடுத்த பாடவேளை தொடங்கிவிடும். அவளுக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. பேசாமல் இருப்பது அவளுக்கு ஒரு வேலை மாதிரி. அதை ஒழுங்காகச் செய்தாள்.

பல்கலைக்கழகத்தில் வலை வடிவமைப்பும் ஊடாடும் ஊடகமும் படிக்கச் சேர்ந்த முதல் வாரம், கணினியில் நான்கே வரி கோட் எழுதிவிட்டுப் பக்கத்தைப் புதுப்பித்தாள். வெள்ளைத் திரையின் நடுவில் ஒரு சிவப்புப் பெட்டி வந்து உட்கார்ந்தது. ஓர் எண்ணை மாற்றினாள், பெட்டி வலப்பக்கம் நகர்ந்தது. அன்று மத்தியானம் அவள் சாப்பிடவே போகவில்லை. வீட்டுக்கு வந்ததும் அக்காவிடம் சொன்னாள். அக்கா செருப்புக் கடையில் விற்பனையாளர். நாளெல்லாம் அடுத்தவர் காலடியில் குந்தியிருந்துவிட்டு வந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி நகந்துச்சா?"

"நகந்துச்சுக்கா."

"சரி. உள்ள என்ன இருந்துச்சு?"

"ஒண்ணும் இல்ல. வெறும் பெட்டி."

"வெறும் பெட்டிக்கா இப்படிப் பல்லைக் காட்டிட்டு நிக்கிற? நான் தினமும் நாப்பது பெட்டி நகத்துறேன்டி, என்னை யாராவது கேட்டாங்களா?"

ஆனாலும் அந்தச் சிரிப்பு நத்தையின் முகத்தைவிட்டுப் பல மாதம் போகவில்லை.

முதலாண்டின் முடிவில் ஒரு கண்டம் இருந்தது. நாற்பது பேரில் பன்னிரண்டு பேருக்குத்தான் ஊடாடும் ஊடகப் பிரிவில் இடம். மற்றவர்கள் தரவுத்தளப் பிரிவுக்குப் போக வேண்டும். நத்தைக்கு அந்தப் பன்னிரண்டில் ஒன்று வேண்டும். அதைத் தவிர வேறெதையும் அவள் யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு காட்சி செய்ய வேண்டும். வெளியிலிருந்து வரும் தேர்வாளர் அதைப் பார்த்து முடிவு செய்வார். துறையில் அதற்கொரு பழைய விதி உண்டு: செய்தவர்கள் தங்கள் காட்சிக்குப் பக்கத்தில் நின்று ஒரு வார்த்தைகூடப் பேசக்கூடாது. எழுதி ஒட்டினாலும் அது பேச்சுதான். காட்சிக்கே புரியவைக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நத்தைக்கு ஜோடியாக வந்தவன் ரேடியோ. வாய் மூடாத பையன், கையும் காலும்கூட மூடாது. உட்கார்ந்திருந்தால் முட்டி ஆடும், நின்றால் தோள் ஆடும்.

"உனக்கு விதி கஷ்டமே இல்ல, நத்தை. உனக்காகவே எழுதினது. நான்தான் செத்தேன்."

அவர்கள் செய்தது ஒரு சுவர். கேமரா எதிரே நிற்பவரைப் படம் பிடிக்கும். ஒரு படத்தையும் அதற்கு முந்தைய படத்தையும் கணினி ஒப்பிட்டுப் பார்க்கும். எங்கே மாற்றம் இருக்கிறதோ, அதாவது எங்கே உடம்பு அசைந்ததோ, அங்கே சுவரில் ஒளிப்பூக்கள் விரியும். நத்தை கோட் எழுதினாள். ரேடியோ கேமராவின் முன்னால் நின்றான். மூன்று மாதம் சுவர் முழுக்கப் பூத்துக் கொட்டியது. லேப் பொறுப்பாளர்கூட வாசலில் நின்று பார்த்துவிட்டு, "நல்லா வரும்போல இருக்கே" என்று சாவியைச் சுழற்றிக்கொண்டு போனார்.

காட்சி நாள் காலை பத்து மணிக்குக் கதவு திறந்தது. முதலில் வந்தவர்கள் நாலைந்து பேர், யாருடைய பெற்றோரோ. சுவர் முன்னால் வந்து கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மரியாதையாக நின்றார்கள். அவர்கள் நடந்து வந்தபோது ஓரமாக இரண்டு பூ எட்டிப் பார்த்தது. நின்றதும் அதுவும் அணைந்தது. கறுப்புச் சுவரை அவர்கள் பார்த்தார்கள். கறுப்புச் சுவர் அவர்களைப் பார்த்தது. பிறகு ஒருவர், "இன்னும் போடலபோல" என்று சொல்லிவிட்டு அடுத்த காட்சிக்கு நகர்ந்தார்.

அடுத்து வந்தவர்களும் அப்படியே. அதற்கடுத்தவர்களும்.

நத்தை கணினியோடு உட்கார்ந்திருந்த திரைச்சீலைக்குப் பின்னால் ரேடியோ ஓடிவந்தான். பேசக்கூடாத நாற்பது நிமிடம் அவன் தொண்டையில் தேங்கி நின்றது. குரலைத் தாழ்த்திக் கொட்டினான். "ஏன் எல்லாரும் சிலை மாதிரி நிக்கிறாங்க? கையை ஆட்டுங்கய்யான்னு ஒரு தாளாவது ஒட்டிடவா?"

"அதுவும் பேச்சுதான்."

"தேர்வாளர் பதினொண்ணரைக்கு வந்துருவாங்க. நாம தரவுத்தளத்துல போய் உக்கார வேண்டியதுதான்."

நத்தை திரைச்சீலையின் இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவள் அப்படி இருந்தால் குறுக்கே பேசக்கூடாது என்று மூன்று மாதத்தில் ரேடியோ கற்றிருந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான், முட்டி மட்டும் ஆடியது.

"தப்பு அவங்க மேல இல்ல" என்றாள் கடைசியில். "சுவத்துக்கு முன்னாடி வந்தா மனுஷன் நிப்பான். நாம உன்னை மட்டுமே வச்சு சோதிச்சோம். உலகத்துல எல்லாரும் உன்னை மாதிரி ஆடுவாங்கன்னு நம்பிட்டோம்."

"நீயே ஒரு தடவை நின்னு பாத்திருக்கலாமே?"

"நான் நின்னா தெரிஞ்சிருக்கும். அதான் நிக்கலபோல."

இருவருக்கும் சிரிப்பு வந்தது, வாயைப் பொத்திக்கொண்டார்கள்.   அந்தச் சிவப்புப் பெட்டி நகர்ந்த அன்று நத்தையின் முகத்தில் வந்த சிரிப்புதான் இப்போதும் வந்திருந்தது.

"தலைகீழாத் திருப்பிடலாம்டா. அசையாம நின்னா பூக்கட்டும். நிக்க நிக்க வளரட்டும். அசைஞ்சா உதிரட்டும்."

விசைப்பலகையின் முன் உட்கார்ந்தாள். படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் எண்ணிக்கை. மாறாமல் இருந்தால் ஏறும், மாறினால் பூஜ்யம். பதினைந்தே நிமிடம். ஓடவிட்டாள். ஆளே இல்லாத மூலைகள், தூண், தரை, எல்லாம் சுவரில் பூத்துக் குலுங்கின. நிற்பவர்களைவிட அசையாமல் இருப்பது காலி அறைதானே.

"யாருமே வராத வீட்டுக்கு இவ்வளவு அலங்காரமா?" என்றான் ரேடியோ.

"காலி அறையோட படம் ஒண்ணு வேணும். அதுல இல்லாதது எதுவோ அதுதான் ஆளு. ஒரே ஒரு படம் போதும். ஆனா யாரும் இருக்கக்கூடாது."

வெளியே பத்துப் பேர் நின்றிருந்தார்கள். கொஞ்சம் விலகுங்கள் என்று சொல்ல முடியாது. மணி பதினொன்று இருபது.

ரேடியோ சுற்றுமுற்றும் பார்த்தான். மூலையில் துடைப்பம் சாத்தியிருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய், தலையைக் குனிந்தபடி, சுத்தமாக இருந்த தரையை மும்முரமாகப் பெருக்கத் தொடங்கினான். துடைப்பத்தோடு யார் வாதாடுவார்கள்? பத்துப் பேரும் ஒவ்வொருவராகப் பின்வாங்கி ஓரமாக ஒதுங்கினார்கள். ஒரு பெரியவர் காலைக்கூடத் தூக்கிக்கொண்டார். இல்லாத குப்பையை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய் அவனும் மறைந்தான். அந்த இரண்டு நொடியில் நத்தை பொத்தானை அழுத்தினாள்.

தேர்வாளர் வந்தபோது ரேடியோவின் கையில் துடைப்பம் இன்னும் இருந்தது. நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்த பெண்மணி. கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். சுவர் கறுப்பாக இருந்தது. நத்தை இடுக்கு வழியாகப் பார்த்தாள். மூச்சை எங்கேயோ வைத்துவிட்டாள்.

முதலில் சுவரில் அவர் தோளுக்கு நேரே ஒன்று. பிறகு கட்டிய கைகளின் ஓரமாக ஒரு வரிசை. தேர்வாளர் திடுக்கிட்டுத் திரும்ப, எல்லாம் உதிர்ந்தன. அவர் யோசித்தார். இந்த முறை தெரிந்தே நின்றார். பூக்கள் மறுபடி வந்தன. தோளிலிருந்து கழுத்துக்கு, கழுத்திலிருந்து அந்த நரைமுடிக்கு. ஓரமாக நின்ற பத்துப் பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். யாரும் பேசவில்லை, யாரும் இருமவில்லை. கூடம் முழுக்க மற்ற காட்சிகளின் சத்தம். இந்த ஒரு சுவர் முன்னால் மட்டும் பத்துப் பதினைந்து பேர் மூச்சடக்கிப் பூத்துக்கொண்டு நின்றார்கள். கை ஆடாமல், முட்டி ஆடாமல் ரேடியோ நின்றதை நத்தை அன்றுதான் முதல்முறை பார்த்தாள். அவன் கையிலிருந்த துடைப்பமும் பூத்திருந்தது.

தேர்வாளர் ஏட்டில் எதையோ எழுதிக்கொண்டு போனார். மறுநாள் பட்டியல் ஒட்டினார்கள். நத்தை பெயர் நான்காவது, ரேடியோ பெயர் ஐந்தாவது.

நத்தை இப்போது மருத்துவமனைகளின் காத்திருப்புக் கூடங்களுக்குத் திரைகள் செய்கிறாள். ரேடியோ மூன்றாம் ஆண்டில் படிப்பை நிறுத்திவிட்டுக் கார் விற்கப் போனான், நன்றாக விற்கிறான். லேப் பொறுப்பாளர் ஓய்வு பெற்றுவிட்டார். தேர்வாளர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். அக்கா அந்தச் செருப்புக் கடையின் மேலாளர். குந்தி உட்காரும் வேலை இப்போது இல்லை.