ஏழாம் குவிமாடத்தில் மாலை டியூட்டி

"ஏழாம் குவிமாடம்னா எதுன்னு உங்களுக்குத் தெரியுமாங்க?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்பதுபோல அவர் ஹெல்மெட்டை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். தண்ணீர் வடிகட்டும் துணியை அலசிக்கொண்டிருந்த ஜெயவதி ஈரக்கையோடு வாசலுக்கு வந்திருந்தாள். நாற்பதைத் தாண்டிய ஆள். சட்டைப்பையில் சிவப்பு மைப் பேனா. பள்ளிக்கூட வாத்தியார் என்று பார்த்ததும் தெரிந்தது. முகம்தான் எங்கோ பார்த்ததுபோல இருந்தது. அந்த அகலமான நெற்றியும், பேசி முடித்ததும் கீழுதட்டைக் கடித்துக்கொள்வதும்.

"நீங்க அமலோற்பவத்தோட பையன்," என்றாள்.

"ஆமாங்க. டேவிட்ராஜ். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. ஏழாம் குவிமாடம் என்ற பெயரைச் சொல்கிறவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். ஜெயவதி எழுதிய விஞ்ஞான நாவல்கள் பதினொன்று. எல்லாம் மாத நாவல்கள். சாணித் தாளில் அச்சாகி, பஸ் ஸ்டாண்டு கடைகளில் கிளிப் மாட்டித் தொங்கியவை. அவற்றில் ஐந்து, செவ்வாய்க் கிரகத்தில் கண்ணாடிக் கூரைக்குக் கீழே இருக்கும் ஓர் ஊரில் நடந்தவை. அந்த ஊருக்கு அவள் வைத்த பெயர் ஏழாம் குவிமாடம். சென்னையிலிருந்த பத்திரிகை ஆசிரியர், குவிமாடம் என்றால் வாசகருக்கு விளங்காது என்று முதல் நாவலிலேயே அதை அடித்துவிட்டு 'செந்நகர்' என்று போட்டார். ஐந்திலும் அதுவே நிலைத்தது. போட்டுக்கொள்ளட்டும் என்று அவளும் விட்டுவிட்டாள். வாசகர் கடிதங்களில் பாதி 'அன்புள்ள ஐயா' என்றுதான் தொடங்கும். ராக்கெட் கதை எழுதுகிறவர் மனைவி பெயரில் ஒளிந்துகொண்டிருக்கும் ஆண்பிள்ளை என்றே பலர் நம்பினார்கள். அதையே திருத்த முடியாதபோது ஓர் ஊர்ப்பெயருக்காக யாரிடம் போய்ச் சண்டை போடுவது? ஆனால் ஆரணி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் அவளுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்திருந்த அமலோற்பவத்துக்கு மட்டும் அது கடைசிவரை ஏழாம் குவிமாடம்தான்.

இருவரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள். பெரும்பாலும் மாலை டியூட்டி. பட்டுக்காரர்கள் நூல் விலை கேட்டு பெங்களூருக்கு டிரங்க் கால் போடுவார்கள், அரிசி மில்காரர்கள் சென்னைக்கு. புக் செய்துவிட்டு, "இன்னாமா, லைன் கிடைச்சுதா இல்லியா" என்று நிமிஷத்துக்கு ஒருதரம் உயிரை எடுப்பார்கள். லைன் கிடைத்தபின் இந்தப் பக்கம் ஒருவர் கத்த, அந்தப் பக்கத்துக் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலச் சற்றுத் தாமதித்து வரும். அந்தத் தாமதத்தைக் கேட்டுக் கேட்டுத்தான் ஜெயவதிக்கு முதல் கதை தோன்றியது. செவ்வாயிலிருந்து பேசினால் குரல் வந்து சேரவே கால் மணி, இருபது நிமிஷம் ஆகும் என்று லைப்ரரியில் படித்ததைச் சொன்னபோது, அமலா போர்டில் ஓர் ஒயரைப் பிடுங்கி இன்னோர் ஓட்டையில் சொருகியபடியே, "அப்போ புருஷன் பொண்டாட்டி சண்டை போட ஒரு நாள் முழுசா ஆவுமே" என்றாள். அதுவே முதல் நாவலின் முதல் அத்தியாயமானது. அதன்பிறகு ஜெயவதி எதையும் முதலில் தாளில் எழுதவில்லை. இரண்டு அழைப்புகளுக்கு நடுவில் கிடைத்த நேரத்தில் அமலாவிடம் சொன்னாள். வீட்டுக்குப் போய் எழுதினாள். குவிமாடத்தில் பூ விற்கிற கிழவி ஒருத்தி வேண்டும் என்றது அமலாதான். அங்கே பூ எப்படிப் பூக்கும் என்று கேட்டால், "அது உன் பாடு. பூ இல்லாம இன்னா ஊரு" என்பாள். கதையில் யாராவது வசதியாகச் செத்துப்போனாலோ, கப்பல் சரியான நேரத்தில் வந்து எல்லோரையும் காப்பாற்றிவிட்டாலோ, "நம்பவே முடியலடி" என்று ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு திரும்பிவிடுவாள். அன்றிரவே ஜெயவதி அந்த அத்தியாயத்தைக் கிழித்துப் போடுவாள். சமண வீட்டுப் பெண்ணான அவள் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவதில்லை. மார்கழியில் ஜன்னல் வெளிச்சம் மஞ்சளானதுமே, "போ, ஜல்தியா தின்னுட்டு வா" என்று சொல்லி, இரண்டு பேர் வேலையையும் அமலாவே பார்த்துக்கொள்வாள்.

பிறகு ஆட்டோமேட்டிக் எக்ஸ்சேஞ்ச் வந்தது. போர்டைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள். அமலா வேலூருக்கு மாற்றலானாள். ஜெயவதி பில் கவுண்டருக்குப் போனாள். குவிமாடக் கதைகளில் ஆறாவது பாதியில் நின்றது. பூமியிலிருந்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல் ஒன்று நடுவழியில் தொடர்பறுந்து பேசாமல் போய்விடுகிறது. குவிமாடத்து ஆபரேட்டர் கயல் அதற்காக லைனைத் திறந்துவைத்துக் காத்திருக்கிறாள். ஜெயவதி அதுவரைதான் அமலாவிடம் சொல்லியிருந்தாள். எழுத உட்கார்ந்தபோதெல்லாம் ஆளில்லாத அறையில் தனியாகப் பேசுவதுபோல இருந்தது. அதை விட்டுவிட்டு வேறு இரண்டு நாவல் எழுதினாள். அவை அவளுக்கே பிடிக்கவில்லை. நிறுத்திவிட்டாள். கொஞ்ச காலம் பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டைகள் போய் வந்தன. அப்புறம் அதுவும் இல்லை. மனஸ்தாபம் என்று ஒன்றுமில்லை. பிள்ளைகள், உத்தியோகம், மூட்டுவலி என்று முப்பது வருஷம் போய்விட்டது.

டேவிட்ராஜ் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து சொன்னார். அப்பா சிங்கராயர் போனபிறகு அம்மாவைத் தேவிகாபுரத்துக்கே கூட்டிவந்துவிட்டார். அங்கேதான் அவருக்குப் பள்ளிக்கூடம். இரண்டு வருஷமாக அம்மாவுக்கு ஞாபகம் கலைகிறது. முதலில் பேரன் பெயர், பிறகு கிழமை, பிறகு மகனே யார் என்பது. அதெல்லாம் பழகிவிட்டது.

"இப்ப புதுசா ஒண்ணுங்க. ஜன்னலாண்ட உட்கார்ந்துகினு எழுந்திருக்கவே மாட்டேங்கறாங்க. டியூட்டில இருக்கேன், லைன்ல கப்பல் இருக்குது, எழுந்தா கட்டாயிடும்னு சொல்லிகினே இருக்காங்க. சோறு வாயாண்ட கொண்டுபோனா தட்டி விட்டுடறாங்க. பாதி ஆளா ஆயிட்டாங்க. எந்த எக்ஸ்சேஞ்சும்மான்னு கேட்டா ஏழாம் குவிமாடம்ங்கறாங்க. வேலூர்ல பழைய ஆபீஸ் ஆளுங்க ஒருத்தர் விடாம கேட்டுட்டேன். யாருக்கும் தெரியல. ஆரணில ஜெயவதின்னு ஒருத்தங்க கூட வேலை பார்த்தாங்க, அவங்கள கேளுன்னாங்க." அவர் கீழுதட்டைக் கடித்துக்கொண்டார். "ஒரு முதியோர் ஹோம்ல சொல்லி வெச்சிருக்கோங்க. அடுத்த வாரம் சேர்க்கணும். என் வீட்டுக்காரி அமுதாவால முடியல, பாவம். அதுக்கு முன்னாடி அது எந்த ஊருன்னு தெரிஞ்சா, ஒரு தடவ கூட்டிகினு போய்க் காட்டிடலாம்னு."

ஜெயவதி கையிலிருந்த துணியைப் பிழிந்தாள். அதில் பிழிய நீர் இல்லை.

"கூட்டிகினு போற ஊரு இல்லப்பா அது," என்றாள். துணியை உதறி மடித்துக்கொண்டு, "நாளைக்கு நான் வரேன்."

மறுநாள் பஸ்ஸில் போகும்போது அவளுக்குப் பயம் இருக்கவில்லை. கதைதானே, அதற்கு ஒரு முடிவு வேண்டும், அவ்வளவுதானே என்று தோன்றியது. முப்பது வருஷமாக எழுதாவிட்டாலும் ஒரு முடிவு சொல்லத் தெரியாதா? தேவிகாபுரத்துக் கோபுரம் கண்ணில் படுவதற்குள் எல்லாம் தயாராகிவிட்டது.

டேவிட்ராஜின் மனைவி அமுதா கதவைத் திறந்தாள். தூங்கி நாளான கண்கள். உள்ளே கை காட்டினாள். முன்னறை ஜன்னலோரம் அமலா உட்கார்ந்திருந்தாள். தலைமுடியைக் கட்டையாக வெட்டியிருந்தார்கள். கழுத்து எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. இடது உள்ளங்கையால் காதைப் பொத்தியிருந்தாள். வலது கை மட்டும் ஜன்னல் கட்டையின்மேல் எதையோ எடுத்து எதிலோ சொருகி, எடுத்துச் சொருகி, ஓயாமல் ஓடிக்கொண்டிருந்தது. அந்தக் கையின் வேகம் மட்டும் கிழடாகவில்லை.

"அமலா."

அவள் திரும்பினாள். பார்வை ஜெயவதியின் முகத்தில் ஒரு கணம் நின்று, ஒன்றும் அகப்படாமல் நகர்ந்தது.

"கப்பல் வந்துடுச்சு அமலா. எல்லாரும் நல்லபடியா எறங்கிட்டாங்க. நீ வந்து சாப்பிடு."

அமலா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "எப்படி வரும்? பேசவே இல்லையே. பேசாத கப்பல் தானா வந்து எறங்கிச்சாமா? நம்பற மாதிரியா இருக்குது?" சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஜெயவதிக்குச் சிரிப்பு வந்தது, கூடவே வெட்கமும். பஸ்ஸில் வரும்போது எத்தனை லேசாக முடித்துவிட்டோம் என்று நினைத்தாள். அமுதா தட்டோடு சமையலறை வாசலில் நின்றிருந்தாள். தட்டில் ஆறிப்போன இட்லி. இதுவும் நடக்காது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது போலிருந்தது.

ஜெயவதி சுவரோரம் கிடந்த ஸ்டூலை இழுத்து, அந்தக் காலத்தில் உட்காரும் இடைவெளியில் போட்டு, முந்தானையை இடுப்பில் சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஈவினிங் டியூட்டி நான்தாங்க. பெண்டிங் என்னென்னன்னு சொன்னீங்கன்னா நீங்க எழுந்துக்கலாம்."

"இவ்ளோ லேட்டாவா வர்றது? ஒரு சாரி கூட கிடையாதா?"

"சாரிங்க. பஸ் கிடைக்கல."

அமலாவின் வலது கை முதல் முறையாக நின்றது. பெருமூச்சு விட்டு, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொன்றாக ஒப்படைக்கத் தொடங்கினாள். "தண்ணி ஆபீஸ்காரன் திரும்பக் கூப்பிடுவான், கத்துவான், கண்டுக்காதீங்க. பூக்காரம்மா பொண்ணு பிரசவத்துக்கு ரெண்டாம் குவிமாடம் போயிருக்குது. சேதி வந்தா ஜல்தியா சொல்லிடணும், கெழவி காத்துகினு இருக்குது. கயலுக்குக் கண்ணு சரியா தெரியல இப்ப. தல முழுக்க நரைச்சிடுச்சு. நானே பார்த்துக்கறேன்னு அவள வீட்டுக்கு அனுப்பிட்டேன்."

ஜெயவதி கேட்டுக்கொண்டிருந்தாள். பூக்காரிக்கு மகள் இருப்பது அவளுக்குத் தெரியாது. இரண்டாம் குவிமாடத்தை அவள் கட்டவில்லை. கயலை அவள் விட்டுவந்தபோது அந்தப் பெண்ணுக்கு இருபத்துநான்கு வயது; நினைவில் இன்றுவரை அதே வயதுதான். பூட்டிவிட்டு வந்த வீட்டில் யாரோ தினமும் கூட்டிப் பெருக்கி விளக்கேற்றி வந்திருக்கிறார்கள். இத்தனை வருஷமும் அமலா அங்கே போய்வந்துகொண்டிருந்தாளா, வேலூரில் பிள்ளை வளர்க்கும்போதும், சிங்கராயருக்கு மருந்து கொடுக்கும்போதும்? இல்லை, எல்லாம் கழன்று விழுந்தபின் மிஞ்சிய இடம் இதுதானா? தெரியவில்லை. தெரிந்துகொள்ள வழியும் இல்லை.

"கப்பல்?" என்று கேட்டாள்.

"லைன திறந்தே வைங்க. ஹலோ ஹலோன்னு கத்தினு இருக்காதீங்க. ஒரு தடவ பேசிட்டு, காத்துகினு இருக்கணும். அவங்க குரல் வர நேரமாவும்." அமலா காதிலிருந்து கையை எடுத்தாள். காது மடல் சிவந்து கன்றியிருந்தது. சுவரைப் பிடித்து எழுந்து, நடந்து, அமுதாவின் எதிரில் போய் நின்றாள். "இன்னா வெச்சிருக்க?"

"இட்லிங்க அத்தை."

"சட்னி காரமா இருக்குமா?"

அமுதா தலையை மட்டும் ஆட்டினாள். அமலா மேஜையில் உட்கார்ந்து தானே பிட்டுத் தின்றாள். நடுவில் இரண்டு தரம் தலையைத் திருப்பி, புதிதாக வந்தவள் ஒழுங்காக வேலை பார்க்கிறாளா என்று கவனித்தாள். ஜெயவதி காதைப் பொத்தியபடி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அமுதா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

ஹோமில் சேர்ப்பதைத் தள்ளிப்போட்டார்கள். ஜெயவதி வாரத்தில் சில நாள் போய்வந்தாள். மற்ற நாட்களுக்கு அமுதாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். "இதெல்லாம் எனக்கு வராதுங்க ஆன்ட்டி" என்று முதலில் கூசியவள், ஒரு வாரம் கழித்து மத்தியானத்தில் போன் செய்தாள். "ஆன்ட்டி, பூக்காரம்மா பேத்திக்கு இன்னா பேருன்னு அத்தை கேட்டாங்க. ஜல்தில இனியான்னு சொல்லிட்டேன். தப்புங்களா?" நல்ல பெயர்தான் என்று ஜெயவதி சொன்னாள். எல்லா நாளும் அப்படி அமையவில்லை. தட்டு பறந்த நாட்கள் இருந்தன. டியூட்டி மாற்றிக்கொள்ள வரும் ரிலீவர் என்று யாரையும் ஒப்புக்கொள்ளாமல் விடிய விடிய உட்கார்ந்திருந்த நாட்களும் இருந்தன. டேவிட்ராஜ் ஹோமின் நம்பரை அழிக்கவில்லை. ஜெயவதியின் கணவர் ஜினகுமார் அரிசி வியாபாரி. அவள் நாவல்களில் அட்டையைத் தாண்டிப் போகாதவர். அவர் இப்போது அவள் செருப்பைக் கழற்றும்போதே பேப்பரை மடித்துவிட்டுக் கேட்கத் தொடங்கியிருந்தார்.

"பேசிச்சா கப்பல்?"

"இன்னும் இல்ல."

"பேசும், பேசும்," என்று மறுபடி பேப்பரைப் பிரிப்பார்.

ஐப்பசியில் ஒரு நாள், சாப்பிட்டுக் கை துடைத்துக்கொண்டு வந்த அமலா ஜன்னலுக்குப் போகாமல் ஜெயவதியின் பக்கத்திலேயே நின்றாள். அன்று முகம் தெளிவாக இருந்தது.

"நீங்க கிளம்புங்க, பஸ் போயிடும். வீடு எந்தப் பக்கம்?"

"ஆரணிங்க."

"ஆரணியா?" அமலா ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். "ரொம்ப தூரமாச்சே. போய்ச் சேர எத்தன மாசம் ஆவும்?"

"போயிடலாங்க."

"அங்க எக்ஸ்சேஞ்சுல ஜெயான்னு ஒரு பொண்ணு இருக்கும். ஒல்லியா, கண்ணாடி போட்டுகினு. பாதி கதைய சொல்லிட்டு போர்ட பார்க்கத் திரும்பிடும், பேஜார் பண்ணும். பார்த்தா, நான் இங்க நல்லாதான் இருக்கேன்னு சொல்லுங்க. எத்தனையோ தடவ லைன் போட்டேன். கிடைக்கவே இல்ல."

ஜெயவதி எழுந்து நின்றாள். அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது. பிடித்தால் பயந்துவிடுவாளோ என்று தன் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்றேங்க," என்றாள்.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. மழை விட்ட வானம் முழுக்கச் செம்மை. நடவு முடிந்த வயல்களில் தேங்கிய தண்ணீரிலும் அதே செம்மை இருந்தது. டிரைவர் விளக்கைப் போட்டபோது சாலை மட்டும் மஞ்சளாகி, மற்றதெல்லாம் மெல்ல இருட்டத் தொடங்கியது. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து அவள் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். வெகுதூரத்தில், வயல்களின் கடைசியில், ஆரணியின் விளக்குகள் ஒரு கைப்பிடி அளவுக்குத் தெரிந்தன. அவற்றுக்கு மேலே செல்போன் கோபுரத்தின் உச்சியில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது, அணைந்தது, ஒரு தடவை பேசிவிட்டுக் காத்திருப்பதுபோல நிதானமாக மறுபடி எரிந்தது.